கெடு தேதி

விஸாவை ஒரு தேசத்துக்குள் நுழைவதற்கான அனுமதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த முத்திரையை நிதானமாகப் படித்தால் தேசத்தின் பெயர் ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது. மற்றதில் பெரும்பகுதி தேதிகள். அரசு அந்நியனுக்கு அளந்து போடுவது நாட்களைத்தான். அந்த நாட்கள் தீர்ந்து, அந்நிய ஊரில் இருந்தபடியே இன்னும் கொஞ்சம் கேட்கப் போகும்போது இது உறைக்கிறது. முதல் தடவை விஸா கேட்பவன் தன் வீட்டுத் திண்ணையிலிருந்து கேட்கிறான். மறுத்தால் ஒரு பிரயாணம் நஷ்டம். புதுப்பிக்கக் கேட்பவன் திரும்பிப்போக ஊர் உள்ளவனானால் அவனுக்கும் பெரிய நஷ்டமில்லை. ஊர் இல்லாதவனுக்கு என்ன நஷ்டம் என்பதை 1940ல் பிரான்ஸின் தெற்குத் துறைமுகமான மார்ஸேய் காட்டியது.

இந்த ஏற்பாடு அப்படியொன்றும் பழமையானதில்லை. ஆஸ்திரிய எழுத்தாளர் ஸ்டீஃபான் ஸ்வெய்க், 1914க்கு முன் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் பாஸ்போர்ட் இல்லாமலேயே, அப்படி ஒரு வஸ்துவைக் கண்ணால் பார்க்காமலேயே போய்வந்ததைத் தன் சுயசரிதையில் நினைவுகூர்கிறார். முதல் உலக யுத்தம் எல்லைகளை அடைத்தது. யுத்தம் முடிந்தும் அடைப்பு நீங்கவில்லை. 1920 அக்டோபரில் சர்வதேச சங்கம் பாரிஸில் கூட்டிய மாநாடு இந்தக் கெடுபிடிகள் என்றாவது ஒழியவேண்டும் என்று விரும்பியது. கூடவே பாஸ்போர்ட்டுக்கு 32 பக்கத்தில் ஒரே மாதிரியான வடிவத்தையும் வகுத்துத் தந்தது. விருப்பம் மறக்கப்பட்டது, வடிவம் நிலைத்தது. இந்தியாவில் பிரிட்டிஷ் அரசு பாஸ்போர்ட் சட்டம் கொண்டுவந்ததும் அதே 1920ல்தான்.

பாஸ்போர்ட் வந்ததும் பாஸ்போர்ட் இல்லாத மனிதனும் வந்துவிட்டான். புரட்சிக்குப் பிறகு வெளியேறிய ரஷ்யர்களின் குடியுரிமையை சோவியத் அரசு 1921ல் ரத்து செய்தது. அவர்களுக்காக 1922ல் நார்வேக்காரரான நான்ஸென் ஒரு சான்றிதழை ஏற்படுத்தினார். ஸ்ட்ராவின்ஸ்கியும் நபக்கோவும் அதை வைத்திருந்தவர்கள். அதன் ஆயுள் ஒரு வருஷம். வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும். அதைக் கொடுத்த நாட்டை விட்டு ஒருவன் வெளியே போனால் அதே நாட்டுக்குத் திரும்பி வரும் உரிமையை ஆரம்பத்தில் அது தரவில்லை. மார்ஸேயின் வித்து இங்கே இருக்கிறது.

1940 ஜூனில் பிரான்ஸ் ஹிட்லரிடம் வீழ்ந்தது. யுத்த நிறுத்த ஒப்பந்தத்தின் 19வது ஷரத்துப்படி, ஜெர்மனி பெயர் சொல்லிக் கேட்கும் ஜெர்மானியர்களை பிரான்ஸ் ஒப்படைத்தாக வேண்டும். நாஜிகளுக்குத் தப்பி பிரான்ஸில் வாழ்ந்துகொண்டிருந்த யூதர்களும் இடதுசாரிகளும் எழுத்தாளர்களும் மார்ஸேயில் வந்து குவிந்தார்கள். வெளியேற நாலு காகிதங்கள் தேவைப்பட்டன. போய்ச் சேரும் நாட்டின் விஸா. ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் கடந்துபோகத் தனித்தனி விஸா. பிரான்ஸை விட்டுப் போக பிரான்ஸே தரவேண்டிய வெளியேற்ற விஸா. ஒன்றைக் காட்டினால்தான் அடுத்தது கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடு. அமெரிக்கக் குடியேற்ற விஸாவுக்கு நாலு மாதம். கடைசிக் காகிதம் கைக்கு வரும்போது முதல் காகிதம் செத்துப்போயிருக்கும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதற்கிடையில் மார்ஸேயில் தங்கவும் அனுமதி வேண்டும். சீக்கிரம் போய்விடப் போகிறவன் என்று நிரூபித்தால்தான் இருக்க விட்டார்கள். அந்த ஊரில் இருந்த அன்னா ஸெகர்ஸ் பிற்பாடு இந்தச் சுழற்சியையே 'டிரான்ஸிட்' என்ற நாவலாக எழுதினார். படித்தவர்கள் அதைக் காஃப்காவின் உலகம் என்கிறார்கள். எனக்கு அது யதார்த்த நாவலாகவே படுகிறது.

பாங்கியில் உத்தியோகம் பார்ப்பவனுக்குப் புதுப்பித்தல் பழகிய சொல். புரோநோட்டு மூன்று வருஷத்தில் காலாவதியாகும். அதற்குள் கடன்காரனிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கிவிட்டால் இன்னும் மூன்று வருஷம். அங்கே கெடு இரண்டு பேரையும் பிடித்து வைத்திருக்கிறது. தேதி தப்பினால் கொடுத்தவனுக்குத்தான் நஷ்டம். விஸாவில் தேதி தப்பினால் கொடுத்த அரசுக்கு ஒன்றுமில்லை. ஆகவே அது தாமதிக்கலாம். 1940 ஜூனில் அமெரிக்க வெளியுறவு இலாகாவின் பிரெக்கன்ரிட்ஜ் லாங் ஒரு குறிப்பில் இதைக் கூச்சமில்லாமல் எழுதி வைத்தார்: மேலும் மேலும் அத்தாட்சி கேட்டு ஒத்திப்போட்டுக்கொண்டே போகும்படி கான்ஸல்களுக்குச் சொன்னால் போதும் என்பது அதன் சாரம். இல்லை என்று சொல்லும் பொறுப்புகூட யாருக்கும் இல்லாமல் போகிறது.

வால்ட்டர் பெஞ்ஜமின் 1933லிருந்து பாரிஸில் வாழ்ந்தவர். 1939ல் ஜெர்மனி அவர் குடியுரிமையைப் பறித்தது. மார்ஸேயில் அவருக்கு அமெரிக்க விஸா கிடைத்தது. ஸ்பெயின், போர்ச்சுகல் விஸாக்களும் கிடைத்தன. வெளியேற்ற விஸா மட்டும் இல்லை. இதய நோயாளியான அவர் 1940 செப்டம்பர் கடைசியில் பிரனீஸ் மலையை நடந்தே கடந்து ஸ்பெயின் எல்லையிலுள்ள போர்ட்பௌ என்ற சிற்றூரை அடைந்தார். திருப்பி அனுப்பப்போவதாகப் போலீஸ் சொன்னது. அன்றிரவு மார்ஃபின் விழுங்கி இறந்தார். வயது 48. கூட வந்தவர்கள் பிறகு போக அனுமதிக்கப்பட்டார்கள். மார்ஸேயில் அவர் ஒப்படைத்த கையெழுத்துப் பிரதிகளை வைத்திருந்த ஹன்னா அரெண்ட், 1941 ஜனவரியில் வெளியேற்ற விஸா கொஞ்ச காலம் தளர்ந்தபோது லிஸ்பனுக்கு ரயிலேறிவிட்டார். இருவருக்கும் இடையில் நாலு மாதம். இதை விதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதிக்கு அலுவலக நேரம் கிடையாது.

இவர்களைக் காப்பாற்ற 1940 ஆகஸ்டில் நியூயார்க்கிலிருந்து வந்தவர் வேரியன் ஃப்ரை. சுமார் 2000 பேர் வெளியேற அவரும் கூட்டாளிகளும் உதவினார்கள். 1941 ஆரம்பத்தில் அவருடைய பாஸ்போர்ட்டே காலாவதியாயிற்று. உடனே ஊர் திரும்புவதானால் புதுப்பிக்கிறோம் என்றது அவர் நாட்டு கான்ஸல் அலுவலகம். செல்லாத பாஸ்போர்ட்டோடு அவர் தங்கி வேலை செய்தார். செப்டம்பரில் பிரான்ஸ் அவரை வெளியேற்றியது. சொந்த நாடே புதுப்பித்தலைக் கயிறாகப் பிடித்து இழுக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

1951ல் அகதிகளுக்கான சர்வதேச உடன்படிக்கை உருவானபோது பிரயாணப் பத்திரம் பற்றி ஓர் அட்டவணை சேர்க்கப்பட்டது. கெடு ஒன்று அல்லது இரண்டு வருஷம். கெடு முடியும்வரை, கொடுத்த நாடு அகதியைத் திரும்ப ஏற்றுக்கொள்ள வேண்டும். வெளியே இருப்பவனுக்குக் கான்ஸலும் கெடுவை ஆறு மாதம் வரை நீட்டித் தரலாம். சட்ட வாசகத்தின் வறட்சியோடு எழுதப்பட்ட இந்த ஷரத்துக்களில் நான் மார்ஸேயின் வரிசைகளைப் பார்க்கிறேன். தங்குதல் தயவாக இருந்த இடத்தில் கொஞ்சமாவது கடமை வந்து உட்கார்ந்தது. இந்த உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. 1983க்குப் பின் படகேறி மண்டபத்தில் வந்திறங்கிய ஈழத் தமிழர்களை நாம் உள்ளே விட்டோம், சோறு போட்டோம், அது பொய்யில்லை. ஆனால் நாம் கொடுத்தது தயவு. தயவுக்குக் கெடு தேதி எழுதி வைப்பதில்லை. என்றைக்கு முடியும் என்று தெரியாததால் அது கருணையாகத் தோன்றுகிறது, கொடுக்கிறவனுக்கு.