இரண்டு காகிதங்கள்

பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம், புராண வைராக்கியம் என்று மூன்று வகை வைராக்கியங்களைப் பெரியவர்கள் சொல்வதுண்டு. மூன்றுமே அரை நாள் தாங்கினால் அதிகம். இவற்றோடு ஜனவரி வைராக்கியம் என்று நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். புது டயரியின் முதல் பக்கத்தில், 'இனி விடியற்காலையில் எழுவேன், காபியைக் குறைப்பேன், செலவுக் கணக்கு எழுதுவேன்' என்று முத்து முத்தாக எழுதாதவர் நம்மில் யார்? பொங்கல் வருவதற்குள் அந்த டயரி சலவைக் கணக்குக்குப் போய்விடுகிறது!

இந்த விஷயத்தில் நமக்கெல்லாம் முன்னோடியாக லண்டன் மாநகரில் ஒருவர் வாழ்ந்தார். சாமுவேல் பீப்ஸ் என்று பெயர். கடற்படை அலுவலகத்தில் உத்தியோகம். 1660-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி தொடங்கி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதினார். அந்நாளில் இங்கிலாந்தில் சட்டப்படி வருஷம் பிறப்பது மார்ச் 25-ஆம் தேதி. ஆயினும் ஜனங்களுக்கு ஜனவரி முதல் தேதிதான் புத்தாண்டு தினம்.

பீப்ஸுக்கு இரண்டு பலவீனங்கள்: நாடகம், மது. 1661 டிசம்பர் 31-ஆம் தேதி அவர் தம் நிலைமையைக் கணக்குப் பார்த்தார். கையிருப்பு ஏறக்குறைய 500 பவுன். இரண்டு பழக்கங்களையும் விட்டுவிடுவதாகச் சபதம் செய்து, அதைக் காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்திக்கொண்டார். சபதம் தவறினால் ஏழைகளின் உண்டியலில் அபராதம் போடவேண்டும் என்றும் விதித்துக்கொண்டார்.

ஆனால் சட்டம் இயற்றியவரும் அவரே, குற்றவாளியும் அவரே, நீதிபதியும் அவரே! கேட்க வேண்டுமா? 1662 செப்டம்பர் 29-ஆம் தேதி ஒரு சபதத்தின் கெடு முடிந்தது. மறு சபதம் எடுப்பதற்கு முன்னால் இன்று ஒரு நாள் விடுமுறை என்று தீர்மானித்து, ஷேக்ஸ்பியரின் 'நடுவேனிற் கனவு' நாடகத்துக்குப் போனார். அது அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை என்பது தெய்வம் கொடுத்த தண்டனை! மறு ஆண்டு ஒரு விருந்தில் சர்க்கரையும் வாசனைப் பொருள்களும் சேர்த்த திராட்சை மதுவைக் குடித்துவிட்டு, 'இது கலவைப் பானம். மது அல்ல' என்று தமக்குத் தாமே தீர்ப்பளித்துக்கொண்டார்.

சிரிக்கிறோம். ஆனால் அந்த வீட்டில் இன்னொரு ஜீவன் இருந்தது. அவர் மனைவி எலிஸபெத்துக்கு அப்போது வயது இருபத்திரண்டு. குழந்தை இல்லை. கணவர் அலுவலகமும் சிநேகிதர்களுமாக இருக்க, அவள் வீட்டில் தனிமையில் வாடினாள். மனக்குறையை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். அதை அவர் படிக்காமலே எரித்துவிட்டார். 1663-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் தேதி, அதன் நகல் ஒன்றை எடுத்து அவரிடம் படித்துக் காட்டினாள்.

கணவருக்குக் கோபம் பொங்கியது. எழுதியது பொய் என்பதற்காக அல்ல. உண்மை என்பதை அவரே தம் குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். யார் கண்ணிலாவது பட்டால் படித்துவிடும்படி அது சாதாரண இங்கிலீஷில் இருந்ததே என்பதற்காக! தம் ரகசியங்களைச் சுருக்கெழுத்தில் ஒளித்தவர் அல்லவா? காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்தார். அவள் அழுது கெஞ்சியும் கேளாமல், கல்யாணத்துக்கு முன் தாம் அவளுக்கு எழுதிய காதல் கடிதங்களையும் கிழித்தார். முதன்முதல் எழுதிய கடிதம் போன்ற சில மட்டும் தப்பின.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். அதே ஆண்டின் இறுதியில், குளிர்கால மாலைப் பொழுதுகளில், கணவனும் மனைவியும் அருகருகே அமர்ந்து கணக்குப் போட்டார்கள். பெருக்கல் வாய்ப்பாட்டைத் தம் இருபத்தொன்பதாவது வயதில் ஒரு கப்பல்காரரிடம் கற்றுக்கொண்டவர் பீப்ஸ். கற்றதை இப்போது மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தார். டிசம்பர் மாதத்தில் அவள் கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றையும் நன்றாகப் போடுகிறாள் என்று பெருமையோடு எழுதுகிறார். வகுத்தலை இப்போதைக்கு விட்டுவிட்டு, உலக உருண்டையைக் காட்டிப் பாடம் தொடங்குவதென்றும் தீர்மானித்தார். அவர் செய்த சபதங்களிலெல்லாம் ஓட்டை இருந்தது. இந்தக் கணக்குப் பாடத்தில் இல்லை. இதை ஒருவராக அன்றி இருவராகச் செய்தார்கள் என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1664-ஆம் ஆண்டு முடிவில் கையிருப்பு 1349 பவுனாக உயர்ந்தது. பிறகு அவர்கள் வாழ்வில் பூசல்களும் வந்தன, சமாதானங்களும் வந்தன. கண் பார்வை போய்விடுமோ என்ற பயத்தால் 1669 மே 31-ஆம் தேதி நாட்குறிப்பை நிறுத்தினார். அதே ஆண்டு நவம்பரில் எலிஸபெத் காய்ச்சலில் மாண்டாள். வயது இருபத்தொன்பது. பீப்ஸ் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அவருடைய நாட்குறிப்பு கேம்பிரிட்ஜ் மாட்லின் கல்லூரியில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. அவள் எழுதிய காகிதம்? அப்படி ஒன்று இருந்ததென்பதே, கிழித்தவர் எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது.

வருகிற ஜனவரி முதல் தேதி புது டயரியைத் திறக்கும்போது ஒரு நிமிஷம் பேனாவைக் கீழே வையுங்கள். சமையலறைப் பக்கம் போய், "உன் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறாய்?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்டுக்கொண்டு வந்து, அதையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.