439 உயிருக்கு 24 பவுண்டு: செங்ஹெனித் என்ற சுரங்க ஊர்

வெள்ளைக்காரன் ஊர்க் கதை நமக்கு எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். நம்மை ஆண்ட பேரரசின் கப்பல்கள் எந்தக் கரியில் ஓடின, அந்தக் கரியை வெட்டியவர்களை அந்தப் பேரரசே எப்படி நடத்தியது என்பது நம் வரலாற்றுக்கும் வேண்டிய பக்கம்தான்.

தெற்கு வேல்ஸில், கார்ஃபிலி நகருக்கு வடமேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், ஆபெர் பள்ளத்தாக்கின் மேல்முனையில் இருக்கிறது செங்ஹெனித். மூன்று பக்கமும் மலை. 1890 வரை அங்கே இருந்தவை சில பண்ணைகளும் ஆட்டு மந்தைகளும்தான். ஆனால் நிலத்துக்கு அடியில், 500 மீட்டருக்கும் கீழே, நீராவிக் கரி கிடந்தது. புகை குறைவு, வெப்பம் அதிகம் என்பதால் போர்க்கப்பல்காரர்கள் தேடி வாங்கிய கரி அது. 1891இல் யுனிவர்சல் சுரங்கத்தைத் தோண்டத் தொடங்கினார்கள். இரண்டு குழிகளுக்கு லான்காஸ்டர், யார்க் என்று அரச குடும்பங்களின் பெயர். ரயில் வந்தது, வரிசை வீடுகள் எழுந்தன, வேலை தேடி வேல்ஸின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தார்கள். சுரங்கம் இல்லையென்றால் அந்த ஊரே இல்லை. உயிர் போகும் வேலை என்று தெரிந்தும் மாற்று வேலைக்கு வழி இருக்கவில்லை.

ஆபத்து தெரியாமல் வந்ததல்ல. 1901 மே மாதம் நடந்த வெடிப்பில் 80 பேருக்கு மேல் மாண்டார்கள். சுரங்கத்தில் படிந்திருந்த கரித்தூசிதான் தீயைப் பரப்பியது என்று அப்போதே விசாரணையில் வெளிவந்தது. 1910இல் எரிவாயு பெருகி ஆட்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. 1911இல் புதிய சுரங்கச் சட்டம் வந்தது. காற்றை உள்ளே செலுத்தும் பெரிய விசிறிகளைத் திருப்பி ஓட்டும் ஏற்பாடு வேண்டும் என்றது. தீப்பிடித்தால் புகை தொழிலாளர்கள் பக்கம் போகாமல் தடுக்க அது ஒரு வழி. காலக்கெடு கொடுத்தார்கள், பிறகு நீட்டித்தும் கொடுத்தார்கள். யுனிவர்சலில் அந்த வேலை முடியவில்லை. சட்டம் இருந்தது, கெடு இருந்தது, விசிறி மட்டும் மாறவில்லை.

1913 அக்டோபர் 14, காலை 8 மணியளவில், சுமார் 950 பேர் உள்ளே இருந்தபோது மேற்குப் பகுதி வெடித்தது. மீத்தேன் முதலில் பற்றியது, கரித்தூசி அதைச் சுரங்கப் பாதைகள் எங்கும் இழுத்துச் சென்றது. தீயில் மாண்டவர்களைவிட, வெடிப்புக்குப் பின் சூழ்ந்த கார்பன் மோனாக்சைடில் மூச்சுத் திணறி மாண்டவர்களே அதிகம். கிழக்குப் பகுதியில் இருந்தவர்கள் தப்பினார்கள். 439 தொழிலாளர்கள் இறந்தார்கள். மீட்கப் போன ஒருவரும் இறந்தார். பிரிட்டனின் சுரங்க வரலாற்றில் இதைவிடப் பெரிய சாவு இல்லை. இறந்தவர்களில் 14 வயதுச் சிறுவர்களும் உண்டு. 200க்கும் மேற்பட்ட பெண்கள் கணவரை இழந்தார்கள், 542 குழந்தைகள் தந்தையை இழந்தார்கள்.

விசாரணை நடந்தது. மின்சார சிக்னல் கருவியின் பொறி காரணமாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. உறுதியான முடிவு எட்டப்படவில்லை. மரண விசாரணை ஜூரி 'தற்செயல் மரணம்' என்றது. மேலாளர் மீது 17 குற்றச்சாட்டுகள், நிறுவனத்தின் மீது 4. பல தள்ளுபடியாகின. மேலாளருக்கு அபராதம் 24 பவுண்டு. நிறுவனத்தை முதலில் விட்டுவிட்டார்கள்; மேல்முறையீட்டுக்குப் பிறகு 10 பவுண்டு. 24 பவுண்டை 439ஆல் வகுத்துப் பாருங்கள்: தலைக்கு ஒரு ஷில்லிங், ஒரு பென்னி, கொஞ்சம் சில்லறை. இந்தக் கணக்கை அன்றே தொழிலாளர் பத்திரிகை போட்டுக் காட்டியது. முதலாளித்துவத்தை விளக்கப் பல பக்கங்கள் எழுதுகிறோம், இந்த ஒரு வகுத்தல் போதும்போல.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வெடித்த சுரங்கத்தில் அடுத்த மாதமே மீண்டும் வேலை தொடங்கிவிட்டது. உயிர் பிழைத்தவர்கள் அதே குழிக்குள் இறங்கினார்கள். அதைத் துணிச்சல் என்று புகழ்ந்து எழுதுபவர்கள் உண்டு. வீட்டு வாடகையும் கடைக் கடனும் இறக்கின என்று நாம் சொல்கிறோம்.

1928இல் யுனிவர்சலை மூடினார்கள். பொதுப் பொருளாதார மந்தம் வந்ததும் வேல்ஸ் பள்ளத்தாக்குகளிலிருந்து இளைஞர்கள் இங்கிலாந்துக்கு வேலை தேடிப் போனார்கள். பள்ளத்தாக்கில் கீழே அபெர்ட்ரிட்வரில் இருந்த வின்ட்சர் சுரங்கம் 1986 வரை தாக்குப்பிடித்தது. 1964இல் ரயிலும் நின்றது. மலைச்சரிவில் வரிசை வீடுகள் இன்றும் இருக்கின்றன. சுரங்கம் இருந்த இடத்தில் இப்போது ஒரு தொடக்கப் பள்ளி. வெடிப்பின் நூற்றாண்டான 2013 அக்டோபர் 14 அன்று, ஒரு மீட்புப் பணியாளர் தொழிலாளியைத் தாங்கி நிற்கும் வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. சுற்றியுள்ள தோட்டத்தில், இறந்த ஒவ்வொருவருக்கும் ஓர் ஓடு பதித்திருக்கிறார்கள்.