ஒரு கார்ட் பழுதானால் முழுக் கணினியையும் எறிய வேண்டுமா? கிராபிக்ஸ் கார்டின் 40 வருடக் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

எங்கள் பாடசாலைக் கணினி அறையில் மூன்றாவது மேசையில் ஒரு பெரிய கறுப்புப் பெட்டி இருக்கிறது. 2009இல் பூட்டிய கணினி. ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவர் கல்யாண அல்பம் செய்வதற்காகச் செய்வித்தது. பிறகு புதிது வாங்கியபோது இதைப் பாடசாலைக்குத் தந்துவிட்டார். தரம் 11 பிள்ளைகள் விரிதாள் பழகுவது அதில்தான். இருக்கிற கணினிகளில் உருப்படியாக வேலை செய்பவை மிகக் குறைவு என்பதால், ஒன்று நின்றாலும் நான்கு பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

போன தவணைக் கடைசியில் அது நின்றது. முதலில் திரையில் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள். பிறகு எழுத்துகளுக்கு நடுவே புள்ளி புள்ளியாகக் குப்பை. ஒரு நாள் காலையில் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு.

அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் ஒரு பெரியவர் வந்து பார்த்துவிட்டு, “சேர், இத இனி நிறுத்துப் போட வேண்டியதுதான். இரும்பு விலையாவது வரும்” என்றார். “ஒரு கிழமை பொறுங்க காக்கா” என்று சொல்லி வைத்தேன்.

அப்போது பக்கத்தில் நின்ற மாணவன் ஒருவன் கேட்டான்: “சேர், படம் காட்டுற கார்ட்தானே பழுது. அதுக்கு ஏன் முழுப் பெட்டியையும் வீசணும்?”

நல்ல கேள்வி. அதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமென்றால் 1981ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அந்த வருடம் ஓகஸ்ட் 12ஆம் திகதி ஐ.பி.எம். நிறுவனம் தன் முதலாவது தனியாள் கணினியை, அதாவது ‘பீ.சி.’யை, அறிமுகப்படுத்தியது. அதன் மதர்போட்டில் திரைக்குப் படம் அனுப்பும் வசதியே இருக்கவில்லை! அதற்குப் பதிலாக 5 ஸ்லொட்கள் இருந்தன. திரை வேண்டுமா, அதற்கான கார்டை வாங்கி ஒரு ஸ்லொட்டில் செருகிக்கொள்ளுங்கள் என்பதுதான் ஏற்பாடு. அதைவிடப் பெரிய விடயம், அந்தக் கணினியின் சுற்று வரைபடங்களையெல்லாம் தொழில்நுட்பக் கைந்நூலில் அச்சிட்டு விற்றார்கள். எந்தக் கம்பனியும் பார்த்து, அந்த ஸ்லொட்டுக்குப் பொருந்தும் கார்டைச் செய்யலாம்.

ஐ.பி.எம். தானாகவே இரண்டு கார்டுகளை விற்றது. ஒன்று எம்.டி.ஏ. அதில் எழுத்து மட்டும்தான். ஒரு வரிக்கு 80 எழுத்து, 25 வரி. எழுத்துகள் மிகத் தெளிவு. ஆனால் கார்டிலுள்ள சிப்பில் 256 வடிவங்களை முன்கூட்டியே பொறித்து வைத்திருந்தார்கள். அதற்கு வெளியே ஒரு புள்ளிகூட வைக்க முடியாது. மற்றது சி.ஜி.ஏ. அதில் படம் வரையலாம், 320க்கு 200 புள்ளிகளில் 4 நிறம் காட்டலாம். ஆனால் எழுத்தை வாசித்தால் கண் வலிக்கும்.

அந்த 256 வடிவங்களுக்குள் ஆங்கிலம் இருந்தது, சில ஐரோப்பிய எழுத்துகள் இருந்தன, கட்டம் போடும் கோடுகள் இருந்தன. தமிழ் இல்லை. இடத்துக்கு இடம் வடிவம் மாறும் அரபு எழுத்தும் இல்லை. நம்மைப் போன்றவர்களை யாரும் நினைத்துச் செய்த பொருள் அல்ல அது.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் ஒருவர் வருகிறார். பெயர் வான் சுவன்னுகுல். தாய்லாந்துக்காரர். அமெரிக்காவில் தன் கலாநிதிப் பட்ட ஆய்வை ஐ.பி.எம். கணினியில், தன் தாய்லாந்து எழுத்தில் எழுத விரும்பினார். தாய் மொழியிலும் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் குறிகள் வரும். எம்.டி.ஏ.யில் அந்த எழுத்துகளே இல்லை. சி.ஜி.ஏ.யில் வரைந்தால் தெளிவில்லை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தானே ஒரு கார்டைச் செய்தார். 1982இல் வெளிவந்த ‘ஹெர்குலிஸ்’ கார்ட் அதுதான். 720க்கு 348 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியையும் நாம் விரும்பியபடி ஏற்றலாம், அணைக்கலாம். அதாவது எந்த மொழியின் எழுத்தையும் வரையலாம். அதே நேரம் எம்.டி.ஏ. போலவே ஆங்கில எழுத்தையும் தெளிவாகக் காட்டும்.

தன் மொழியில் எழுதுவதற்காக ஒருவர் செய்த கார்ட், பிறகு கணக்காளர்களின் மேசைகளிலும் அலுவலகங்களிலும் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. மற்றக் கம்பனிகளும் அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கின. ஐ.பி.எம். அந்த ஸ்லொட்டைத் திறந்து வைக்காமல் எல்லாவற்றையும் ஒரே போட்டில் ஒட்டி மூடியிருந்தால், அவர் இன்னொருவரின் 256 வடிவங்களோடு சமாளித்திருக்க வேண்டும்.

ஆனால் திறந்த கதவை மூடவும் முயற்சி நடந்தது. 1987இல் ஐ.பி.எம். ‘பீ.எஸ்.2’ என்ற புதிய கணினிகளைக் கொண்டுவந்தது. அதில் இரண்டு புதுமைகள். ஒன்று வி.ஜி.ஏ. 640க்கு 480 புள்ளிகள், 16 நிறம். மொனிட்டர் வயர் முனையில் நாம் இன்றும் காணும் 15 பின் கொண்ட அந்த நீலப் பிளக் அந்த வருடத்துச் சாமான்தான். மற்றது புதுவிதமான ஸ்லொட். பழைய கார்டுகள் அதில் பொருந்தாது. மற்றக் கம்பனிகள் அதைப் பயன்படுத்துவதென்றால் ஐ.பி.எம்.முக்குக் காசு கட்ட வேண்டும். போட்டிக் கம்பனிகள் ஒன்பது சேர்ந்து 1988இல், பழைய கார்டுகளும் பொருந்தும் வேறொரு ஸ்லொட்டை அறிவித்தன. சந்தை பழைய கார்டுகளை எறிய விரும்பவில்லை. ஐ.பி.எம்.மின் மூடிய ஸ்லொட் சில வருடங்களில் காணாமல் போனது. எல்லோரும் செய்யக்கூடியதாக இருந்த வி.ஜி.ஏ. மட்டும் நிலைத்தது.

அதன் பிறகு ஓட்டம் வேகமானது. 1992இல் இன்டெல் பி.சி.ஐ. ஸ்லொட்டைக் கொண்டுவந்தது. 1997 அளவில் கிராபிக்ஸ் கார்டுக்கென்றே ஏ.ஜி.பி. வந்தது. 2004 முதல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ். இடையில் விளையாட்டுகள் எல்லாவற்றையும் மாற்றின. 1996இல் 3டிஎஃப்எக்ஸ் கம்பனியின் ‘வூடூ’ கார்ட் முப்பரிமாணக் காட்சிகளை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது. 1999இல் என்விடியா ‘ஜீபோர்ஸ் 256’ கார்டை வெளியிட்டு ‘ஜி.பி.யூ.’ என்ற சொல்லைப் பிரபலமாக்கியது. அடுத்த வருட இறுதியிலேயே 3டிஎஃப்எக்ஸின் சொத்துகளை வாங்குவதாக அறிவித்தது. கனடாவின் ஏ.டி.ஐ. கம்பனியை 2006இல் ஏ.எம்.டி. வாங்கியது.

வேகத்தோடு சூடும் வந்தது. 90களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான கார்டுகளில் விசிறியே இல்லை. பிறகு சின்ன விசிறி, பிறகு பெரிய விசிறி, பிறகு இரண்டு, மூன்று. எங்கள் கறுப்புப் பெட்டியின் கார்ட் எப்படிச் செத்தது என்பதற்கான விடை இந்தச் சூட்டில்தான் இருக்கிறது.

கார்டின் சிப், நூற்றுக்கணக்கான சிறிய ஈயப்பற்று உருண்டைகளால் போட்டில் ஒட்டப்பட்டிருக்கும். கணினி ஓடும்போது சூடேறி எல்லாம் விரியும். நிறுத்தினால் சுருங்கும். ஆனால் சிப்பும் போட்டும் ஒரே அளவில் விரிவதில்லை. வருடக்கணக்கில் இழுபட்டு இழுபட்டு ஏதோவோர் உருண்டையில் வெடிப்பு விழும். அதன் பிறகுதான் கோடும் குப்பையும். இங்கும் ஒரு வரலாறு இருக்கிறது. முன்பு பற்றவைக்க வெள்ளீயமும் ஈயமும் கலந்த கலவையைப் பாவித்தார்கள். 183 பாகை செல்சியஸில் உருகும், கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஈயம் நஞ்சு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் அதைக் கட்டுப்படுத்தியது. நல்ல முடிவுதான். ஆனால் பதிலாக வந்த வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலவை 217 பாகை அளவில்தான் உருகத் தொடங்கும், விறைப்பும் கூட. கம்பனிகள் அதைப் பழகிக்கொள்ளும் வரை பல பொருட்கள் அவதிப்பட்டன. அதே காலப்பகுதியில் சிப்பைப் பொதி செய்யும் மூலப்பொருட்களிலும் பிரச்சினைகள் வந்தன. லெப்டொப்களுக்கான தன் சில சிப்களில் அப்படிப் பலவீனம் இருப்பதாக 2008 ஜூலையில் என்விடியாவே அறிவித்து, 150 முதல் 200 மில்லியன் டொலர் வரை செலவுக்கு ஒதுக்கியது.

எங்கள் கார்ட் வேறு. அதற்கு 15 வருட வயது, கடற்கரை ஊரின் உப்புக் காற்று, சோக்குத் தூசு. விசிறி இறுகிப் போயிருந்தது. 2022இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில் எத்தனை முறை சூடேறி, எத்தனை முறை திடீரென நின்றிருக்கும்! யாரையும் குறை சொல்ல முடியாது. உழைத்துத் தேய்ந்த சாமான்.

அடுத்த நாள் நானும் அந்த மாணவனுமாகப் பெட்டியைத் திறந்தோம். முதலில் வேறு வயர், வேறு மொனிட்டர் போட்டுப் பார்த்தோம். மாற்றமில்லை. கார்டைக் கழற்றித் தூசு ஊதி, அதன் பொன்னிற முனைகளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து மீண்டும் செருகினோம். அரை மணித்தியாலம் படம் வந்தது, பிறகு கோடு. இணையத்தில் கார்டை அடுப்பில் வைத்துச் சூடாக்கும் வீடியோக்கள் இருக்கின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். சில நாட்களுக்கு வேலை செய்யலாம், ஆனால் வெடிப்பு திரும்ப வரும். சோறாக்கும் இடத்தில் அந்தப் புகையும் நல்லதல்ல.

இனி மாற்றுக் கார்ட். இங்கே வரலாறு தெரிந்திருந்தது கைகொடுத்தது. மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஸ்லொட். எங்கள் போட்டில் இருப்பது பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ். அதன் புதிய தலைமுறைக் கார்டுகளும் பழைய ஸ்லொட்டில் வேகம் குறைந்து ஓடும். 2004க்கு முந்திய ஏ.ஜி.பி. என்றால் பழைய சாமான் கடையில்தான் தேட வேண்டும்.

இரண்டாவது, கரண்ட். அந்த ஸ்லொட் அதிகபட்சம் 75 வொட்தான் தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் கொடுக்க வேண்டும். பழைய பவர் சப்ளையை நம்பிப் பெரிய கார்டைப் போட்டால், கார்டோடு சேர்த்து மற்றதும் போகலாம். விரிதாளுக்கு 20, 30 வொட் கார்ட் தாராளம்.

மூன்றாவது, பிளக். எங்கள் மொனிட்டர் வி.ஜி.ஏ. மட்டும் உள்ளது. 2016க்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்டுகள் அந்தப் பழைய சமிக்ஞையை அனுப்புவதே இல்லை. வடிவம் மாற்றும் வெறும் பிளக்கைப் போட்டால் படம் வராது. சமிக்ஞையை மாற்றும் கருவி வேண்டும், அல்லது வி.ஜி.ஏ. உள்ள பழைய கார்ட் வேண்டும். மேலதிகமாக இன்னொன்று: மிகப் புதிய சில கார்டுகள் பழைய மதர்போட்களில் எழும்புவதே இல்லை. ஆகவே புதியதுதான் நல்லது என்று நினைக்க வேண்டாம்.

கொழும்புக்குப் போன ஓர் ஆசிரிய நண்பரிடம் சொல்லிவிட்டேன். பம்பலப்பிட்டிப் பக்கம் விசாரித்து, விசிறியே இல்லாத, வி.ஜி.ஏ. உள்ள, பாவித்த சிறிய கார்ட் ஒன்றை 4,500 ரூபாவுக்கு வாங்கி வந்தார். 2021இல் கிரிப்டோ நாணயம் தோண்டுபவர்கள் உலகம் முழுக்கக் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. அந்தக் காலத்தில் தேடியிருந்தால் என்ன விலை சொல்லியிருப்பார்களோ!

பிளக்கைக் கழற்றி, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, கார்டை அந்த மாணவனிடமே கொடுத்தேன். கை நடுங்கிக்கொண்டே செருகினான். “டிக்” என்று ஒரு சத்தம். ஒரு ஸ்குரூ. அவ்வளவுதான். திரை வந்தது. என்ன எழுதிப் பார்ப்பது என்று கேட்டான். உன் பெயரைத் தமிழில் எழுது என்றேன். எழுதினான். வான் சுவன்னுகுல்லின் கதையை அவனுக்கு அப்போதுதான் சொன்னேன்.

சங்கத்துக் காக்காவும் வந்து பார்த்தார். “கொஞ்சம் அவசரப்பட்டுட்டன் சேர்” என்றார். அவர் அவசரப்பட்டதில் பிழையில்லை. ஃபோன் பழுதென்றால் புது ஃபோன் என்று பழகிவிட்டோம். இன்று பல சாமான்கள் திறக்க முடியாதபடி ஒட்டியே வருகின்றன. கிராபிக்ஸும் பெரும்பாலும் புரொசசருக்குள்ளேயே போய்விட்டது. அதில் நன்மை இருக்கிறது: விலை குறைவு, கரண்ட் குறைவு. ஆனால் ஒன்று செத்தால் எல்லாம் சாகும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். பாடசாலைக்குக் கணினி அன்பளிப்புச் செய்யும் வெளிநாட்டு உறவுகளே, வாங்கும்போது ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: இதில் எதையெல்லாம் கழற்றி மாற்றலாம்? மினுக்கத்தைவிட அந்தப் பதில்தான் பிள்ளைகளுக்குப் பத்து வருடம் உதவும். ஊரில் உள்ளவர்களே, உங்கள் வீட்டில் திரை வராத பழைய பெட்டி இருந்தால், நிறுத்துப் போட முன் எங்களிடம் ஒரு சொல் சொல்லுங்கள். திறந்து பார்ப்பதற்கு இப்போது என்னிடம் ஒரு பொடியன் இருக்கிறான்.

பழைய கார்டை எறியவில்லை. கணினி அறை அலுமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த தவணையில் இந்தப் பாடத்தை அதைக் கையில் கொடுத்தே தொடங்குவேன், இன்ஷா அல்லாஹ்.