ஏரி வாரியமும் அடையாற்று வெள்ளமும்

பெருங்களத்தூரை அடுத்த முடிச்சூரும் வரதராசபுரமும் 2015 திசம்பர்த் திங்களில் அடையாற்று வெள்ளத்துள் மூழ்கின. அத்திங்கள் 2ஆம் நாட்காலையோடு முடிந்த ஒரு நாளில் தாம்பரத்திற் பெய்த மழை 49 செ.மீ. மழை மிகுதியே காரணம் எனக் கூறி அமைவார் உளர். ஆயினும், அடையாறு ஆதனூர் முதலிய ஏரிகளின் மிகைநீரைக் கொண்டு ஓடுவதாகலின், ஏரிகளைப் பேணியோர் யாவர் என்னும் வினா வரலாற்று மாணவர்க்கு உரியதாகும்.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்து உத்தரமேரூரில், முதற் பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (கி.பி. 921) ஏரி வாரியத்திற்கு அறுவரைக் குடவோலையால் தேரும் முறையை விரித்துரைக்கின்றது. பணிக்காலம் 360 நாள். முன்பு வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதாரேயன்றி அவர்தம் உறவினரும் விலக்கப்பெற்றனர். இக்கடுமை இன்றும் வேண்டற்பாலதே! இதனை மக்களாட்சிக்குச் சான்றெனப் போற்றுவார் பலர். நாம் அத்துணை விரைந்து போற்றுதற்கில்லை. அது பிராமணர் சபை. மறை கற்றார்க்குச் சிறிது தளர்வு உண்டெனினும், இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையாரும் தம் மனையில் வீடு கட்டி வாழ்வாருமே அதன் வாரியங்களிற் புகத் தக்கவர்.

குடிமராமத்தும் நிலத்தைச் சார்ந்ததே. அவ்வழக்கம் தளர்ந்தமையாலன்றோ 1858இல் சென்னை மாகாணத்திற் கட்டாய உழைப்புச் சட்டம் வேண்டப்பட்டது?

பிற்காலத்தே இப்புறநகரின் ஆயக்கட்டு வயல்கள் மனைகளாயின. வயலுடையான் ஏரி நிறைதலை விரும்பினான். மனையுடையான் அது வழியாமையை விரும்புகின்றான். 2017இல் தமிழ்நாட்டரசு குடிமராமத்தைப் புதுப்பித்தபோது ஆயக்கட்டு உழவர் சங்கங்களையே நாடிற்று. கலிங்கின்கீழ் வாழும் வயலில்லா முடிச்சூரார்க்கு எக்குடத்தில் ஓலை இடுவது?