பாமினியிலிருந்து பிரவுசர் கொப்பி வரை



"சேர், தமிழில் எழுதி வைக்க நல்ல நோட்பேட் ஒன்று சொல்லுங்க" என்று பலரும் கேட்கிறீர்கள். பெயரைச் சொல்ல முன்னர் கொஞ்சம் பழைய கதை.

நம் ஊர்களில் கணினித் தமிழ் என்றாலே பாமினிதான். கலியாணக் கார்ட், பள்ளிவாசல் நோட்டீஸ், பாடசாலை மலர், பரீட்சைத் தாள் எல்லாம் அதில்தான் அடித்தார்கள். ஆனால் பாமினி பைலுக்குள் இருப்பது தமிழே அல்ல. ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தி வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அதற்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும்! இத்தனைக்கும் 1991இல் வந்த யுனிகோட் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000 அதைக் கணினிக்குள் கொண்டு வந்தது. நம் கடைகளோ அதற்குப் பிறகும் நெடுங்காலம் பாமினியை விடவில்லை.

இடையில் பாலம் போட்டவை பிரவுசரில் திறக்கும் பக்கங்கள். சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றியைப் பலர் பாவித்திருப்பீர்கள். ஒரு பெட்டியில் பாமினியை ஒட்டினால் மற்றதில் யுனிகோட் வந்துவிடும். எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, நெட் கபேயில் இருந்தே வேலை முடியும். 2006இல் கூகுள் வாங்கிய ரைட்லிதான் பிறகு கூகுள் டொக்ஸ் ஆனது. 2013இல் கீப் வந்தது.

இனித் தெரிவுக்கு வருவோம். லொகின் கேட்காமல் திறக்கும் பிரவுசர் நோட்பேட்களில் பல, நீங்கள் எழுதுவதை அந்தப் போனின் பிரவுசருக்குள்ளேயே வைத்திருக்கும். ஹிஸ்டரியோடு சேர்த்து பிரவுசர் டேட்டாவையும் அழித்தால் எழுதியதும் போய்விடும். பொதுக் கணினி என்றால் அடுத்து வருபவர் வாசிக்கவும் கூடும். டொக்ஸும் கீப்பும் அப்படியல்ல. வேறு இடத்தில் ஒரு பிரதி இருக்கும். போன் கடலுக்குள் விழுந்தாலும் எழுத்து மிஞ்சும்.

கடல் என்று சும்மா சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26இல் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது கரைகளில் உயிர்களோடும் வீடுகளோடும் காணி உறுதிகளும் போட்டோக்களும் கொப்பிகளும் போயின. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருந்தவை அவை.

நான் பாடக்குறிப்பை டொக்ஸிலும் சில்லறைக் குறிப்பைக் கீப்பிலும் எழுதுகிறேன். மாதம் ஒருமுறை பென் டிரைவிலும் இறக்கி வைப்பேன், பாஸ்வேர்ட் மறந்தவர்களை நிறையக் கண்டதால்.

பழைய பாடசாலை மலர்களின் பாமினி பைல்கள் யாரிடமாவது இருந்தால் இன்பொக்ஸ் வாங்க. அந்தக் கணினி பழுதாக முன்னர் யுனிகோடுக்கு மாற்றித் தருகிறேன்.