டாஸ்: ஒரு தோல்வாரின் பெயர்

ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் பிள்ளைகளைத் ‘திருத்த’ ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டது தோல்வார். தடித்த வார், அதன் ஒரு முனை இரண்டாகவோ மூன்றாகவோ கீறப்பட்டிருக்கும். ஸ்காட்ஸ் மொழியில் அதற்கு ‘டாஸ்’ என்று பெயர். ‘டா’ என்றால் பதனிட்ட தோல். அதன் பன்மையே டாஸ். பொருள் ஒன்றுதான் என்றாலும் சொல் பன்மையிலேயே நிலைத்துவிட்டது.

இதன் வேர் பழைய ஆங்கிலத்து ‘டாவியன்’. ஆக்குதல், ஆயத்தம் செய்தல் என்று பொருள். நம் பட்டறைகளில் அன்றாடம் புழங்கும் ‘டூல்’ என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான். பின்னாளில் டாவியன் தோல் தொழிலுக்குள் புகுந்து, மரப்பட்டைச் சாறு இல்லாமல் படிகாரமும் உப்பும் இட்டுப் பதனிடுவதைக் குறித்தது. ஆனால் பழைய ஆங்கிலத்திலேயே டாவியனுக்கு வதைத்தல் என்ற பொருளும் இருந்தது. ஆக்கத்துக்கும் வதைக்கும் ஒரே சொல்லா என்று மனம் பதைக்கிறது.

அடி விழுந்தது உள்ளங்கையில். ஒரு கையை மற்றொரு கைமேல் குறுக்காக வைத்து நீட்ட வேண்டியிருந்தது. அப்படி வாங்கும் அடிக்கு ‘பாமி’ என்று பெயர்.

இந்த வாருக்கு இன்னொரு பெயரும் உண்டு: லொக்கெல்லி. அது ஃபைஃப் வட்டாரத்துச் சுரங்க ஊர். அங்கே குதிரைச் சேணம் தைத்தவர்கள் பள்ளிகளுக்கும் வார் செய்தார்கள். மெல்லியது, நடுத்தரம், கனமானது என்று தரம் பிரித்து விற்றார்கள். ஊர்ப் பெயரே வாரின் பெயராகிவிட்டது.

அந்த ஊரை அடுத்த கௌடன்பீத்தில், 1976-இல் ஒரு மாணவன் கல்லறைத் தோட்டத்தின் வழியே குறுக்காக வீட்டுக்குப் போகப் பார்த்தான். அதற்குத் தண்டனை வார். தந்தை சொற்படி அவன் கையை நீட்ட மறுத்தான். பள்ளியை விட்டு நிறுத்தினார்கள். அவன் தாயும் இன்னொரு தாயும் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. பெற்றோரின் கொள்கையை அரசு மதிக்கவில்லை, பையனின் கல்வி உரிமையும் பறிபோனது என்றது. அவன் அடி வாங்காததால், இழிவான தண்டனை என்ற குற்றச்சாட்டை மட்டும் ஏற்கவில்லை. அந்த ஒரு குறை என்னை இன்னும் உறுத்துகிறது. அடி விழும் என்று காத்திருப்பதும் பிள்ளைக்கு வதைதானே. அரசுப் பள்ளிகளில் வார் ஓய்ந்தது 1987-இல். தனியார் பள்ளிகளையும் சேர்த்துத் தடுக்கும் சட்டம் 2000-இல்தான் வந்தது.