மறைநிறக் கிண்ணங்கள்

சொல் நிலைத்திருக்கப் பொருள் மறைந்துபோவதுண்டு. சீனத்துப் பசும்பீங்கான் வரலாற்றில் அவ்வாறு மறைந்த பொருளொன்று, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின் தன் பெயரோடு வந்து சேர்ந்தது.

தாங் பேரரசுக் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், தேயிலை பற்றி நூல் இயற்றிய லூ யூ, தேநீர்க் கிண்ணங்களைத் தரம் பிரித்தார். வடபுலத்து ஷிங் சூளைகளின் வெள்ளைக் கிண்ணத்தினும் தென்கிழக்கு யுயே சூளைகளின் பசுங்கிண்ணமே உயர்ந்தது என்பது அவர் முடிபு. வெள்ளைக் கிண்ணத்தில் செந்நிறம் காட்டும் தேநீர், பசுங்கிண்ணத்தில் பச்சையாய்த் தோன்றும் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று.

அப்பசுமை சாயத்தால் வந்ததன்று. மேற்பூச்சில் கலந்த சிறிதளவு இரும்பு, காற்றுக் குன்றிய தீயில் பச்சையாகிறது; காற்று மிகுந்தால் அதே பூச்சு மஞ்சளாகவோ பழுப்பாகவோ திரிந்துவிடும்.

யுயே கலங்களுள் தலைசிறந்தவற்றை ‘மிஸெ’ என்றனர். மறைநிறம் என்பது பொருள். ஒன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் லூ குயிமெங் அதனைப் பாடினார். பாடல் வாழ்ந்தது, எக்கலம் மறைநிறக் கலம் என்பதைப் பின்வந்தோர் உறுதியாய் அறிந்திலர்.

1981இல் ஷான்ஷி மாநிலத்து ஃபாமென் புத்தக் கோயிலின் கோபுரம் பாதி சரிந்து வீழ்ந்தது. 1987இல் அதன் அடித்தளத்தைத் தோண்டியபோது, 874இல் மூடப்பெற்ற நிலவறை வெளிப்பட்டது. அரச காணிக்கையான பொன்முலாம் பூசிய வெள்ளித் தேயிலைக் கருவிகளும் பீங்கான் கலங்களும் அதனுள் இருந்தன. உடனிருந்த கல்வெட்டு, காணிக்கைகளை ஒவ்வொன்றாய்க் குறித்திருந்தது: மறைநிறக் கிண்ணம் ஏழு, தட்டு ஆறு. அந்தப் பதின்மூன்றும் அங்கேயே இருந்தன.

2015இல் செஜியாங் மாநிலத்து ஷாங்லின் ஏரிப்பகுதியில் தொடங்கிய அகழாய்வு, தொழில்நுட்பத்தையும் விளக்கிற்று. நுண்களிமண்ணாலான உறையினுள் கலத்தை வைத்து, மூட்டுவாயைப் பூச்சினால் அடைத்துச் சுட்டுள்ளனர். ஆறும்போதும் காற்றுப் புகாமையால் பசுமை கெடவில்லை. ஆனால், உறையை உடைத்தே கலத்தை எடுக்க இயலும்.

யுயே சூளைகள் தளர்ந்தபின் அம்மரபு லோங்சுவானில் தழைத்தது. அவ்வூர்ப் பசும்பீங்கானின் ஓடுகள் நம் இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்திலும் கிடைத்துள்ளன. லோங்சுவானின் சூளைக்கலையை யுனெஸ்கோ 2009இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கவிதை அப்பெயரைக் காத்தது. ஆயினும் பொருளை அடையாளம் காட்டியது, அணியொன்றும் இல்லாத ஒரு பட்டியலே. அக்கல் இல்லையேல், அக்கிண்ணங்கள் பெயரற்ற பசும்பீங்கான்களாகவே எஞ்சியிருக்கக்கூடும். பாடுவோராகிய நாம், எண்ணி எழுதி வைத்த அக்கைக்கும் நன்றி உடையோம்.